கூகைப் பொந்தை அடைத்தோம்

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் என் கணவருக்கு டைபாய்டு வந்தது. ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் மாடி வைத்த பழைய வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அந்த வருஷம் நாங்கள் அருவிப் பக்கமே போகவில்லை.

மாடி அறையின் வெளிச்சுவரில், திறந்த தளத்தின் பக்கம், ஓட்டுக்குக் கீழே, செங்கல் பெயர்ந்து ஒரு பொந்து இருந்தது. அதில் கூகை ஆந்தை ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. காய்ச்சலுக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்திருக்கிறோம். கூடு என்று ஒன்றுமில்லை. கூகை கக்கிய எலி எலும்பும் மயிருமான உருண்டைகள் மேலேயே நான்கு குஞ்சுகள் கிடந்தன. மூத்ததற்கு இறகு முளைத்திருந்தது. கடைசிக் குஞ்சு இன்னும் வெறும் பஞ்சு. எங்களைக் கண்டதும் நான்கும் பாம்பு மாதிரி சீறின. அவர் சிரித்துவிட்டார்.

பதினோராம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் கொடுத்த காப்சூலை விழுங்கவே அவருக்குத் தெம்பில்லை. பொழுது சாய்ந்ததும் தாய்க்கூகை வீட்டுக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு பறக்கும். தம்பியைப் பார்க்கப் புளியங்குடியிலிருந்து வந்திருந்த கணவரின் அண்ணன் அந்தச் சத்தத்தில் வெலவெலத்துப் போனார். அது சாக்குருவி, ஆள் கேட்டுக் கூப்பிடுகிறது என்றார். மறுநாள் காலையிலேயே ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டார்.

கொத்தனார் ஏணியில் ஏறியதும் தாய் வெளியே பாய்ந்தது. காக்கைகள் அதை விரட்டிக்கொண்டு போயின. அவர் உள்ளே பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"உள்ள குஞ்சு கெடக்கு, அண்ணாச்சி. எடுக்கப் போனா கொத்துது."

கணவரின் அண்ணன் என்னைப் பார்த்தார். "உம் புருசன் வேணுமா, அந்தக் குஞ்சு வேணுமா, நீயே சொல்லும்மா."

பறவை கத்தி யாரும் சாவதில்லை என்று எனக்குத் தெரியும். பள்ளி இறுதிவரை படித்தவள் நான். இருந்தும், "அடைச்சிருங்க" என்றேன்.

அன்று பொழுது அடையும் நேரத்தில் தாய் திரும்பி வந்து, சுண்ணாம்புக் காரை பூசிய இடத்தை நகத்தால் பிறாண்டியது. உள்ளேயிருந்து சீறல் கீழே வரைக்கும் கேட்டது. கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறக்காமலேயே, "குஞ்சுகளுக்கு எரை வந்துட்டு போல" என்றார். ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் இறங்கியது. அண்ணன் நிம்மதியாக ஊருக்குப் புறப்பட்டார். அவர் இருந்தவரை பொந்தைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் தெருமுனை தாண்டியதும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். சாரல் ஈரத்தில் பூச்சு காயவில்லை. நாலு குத்தில் பெயர்ந்தது. மூன்று செத்திருந்தன. மூத்தது மட்டும் கழுத்தைத் தூக்கியது, சீறவில்லை. அதைப் பொந்திலேயே விட்டுவிட்டு, மற்றவற்றைப் புறவாசலில் புதைத்தேன். மாலையில் தாய் எலியோடு வந்தது. பத்துப் பதினைந்து நாளில் குஞ்சு பறந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து, மாடியேறத் தெம்பு வந்ததும், அவர் உடைந்த பூச்சைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

"நான் எரை வந்துட்டுன்னு சொன்னன்னைக்கு உள்ள உயிரோடயா கெடந்துச்சு?"

"ஆமா."

திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கிப் போனார்.

பொந்தை அடைத்த பிறகுதான் தம்பி பிழைத்தான் என்று அவர் அண்ணன் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லுவார். சாக்குருவியை அடைக்கச் சொன்ன தைரியசாலி என்று என்னையும் காட்டுவார். என் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.