ஞாயிற்றுக்கிழமைக் கூட்டு

எதிர்வீட்டு ஜெயலெட்சுமி அக்காவைத் தொழிற்சாலையில் 'தலை' என்றுதான் கூப்பிட்டார்களாம். கூட்டு பிடிப்பவருக்கு அந்தப் பெயர். சிலர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, மாதம் ஒருவராக மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதை இங்கே கூட்டு என்போம். அவசரக்காரர் முதலில் எடுப்பார், அவருக்குக் கழிவு போகக் குறைவாகத்தான் கிடைக்கும். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். எடுத்தவர் யாராவது ஓடிப்போனால் தலைதான் பொறுப்பு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உருப்பெருக்கிக்குள் கண்ணை வைத்து மின்னணுச் சில்லுகளில் கீறல் தேடிய காலமெல்லாம் அக்கா கூட்டு நடத்தினார். அவரை நம்பிப் போட்டது யாருக்கும் வராமல் போனதில்லை.

மகள் தனுஜாவுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டிலேயே முறுக்கு பிழிந்து கடைகளுக்குப் போட ஆரம்பித்தார். கணவர் கார்த்திகேசு அண்ணன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் ஓரிரு நாள்தான் தலை தெரியும். தனுஜாவுக்கு இப்போது பதினாறு வயது. அம்மாவை விட உயரம். பேச்சு கிடையாது. பழகாத கை மேலே பட்டால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாள். பழகுவதற்கோ மாதக்கணக்காகும்.

உறவுக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை கொடுத்தார்கள். ஒருவர் பால் கொடுக்காதே என்றார், இன்னொருவர் முருகனுக்கு மொட்டை போடு என்றார். அக்காவின் சொந்தத் தங்கை ஒரு மத்தியானம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். தொலைக்காட்சிப் பெட்டி கீழே விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்போது கேட்டாலும் விருந்தாளி வருகிறார்கள். யோசனை எல்லாரிடமும் இருந்தது. ஒரு நாளை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

டத்தோ கிராமாட்டில் ஒரு சமூக மண்டபத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும். தாய்மார்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே குறைதான் இருந்தது. உடம்புக்கு முடியாவிட்டாலும் படுக்க முடியாது, சாவு வீட்டுக்குப் போனாலும் உட்கார முடியாது. ஒருநாள் அங்கேதான் ஜெயலெட்சுமி அக்கா சொன்னார், காசுக்குப் பதிலாக நாளைப் போட்டுக் கூட்டு கட்டலாம் என்று. மாதம் ஒரு ஞாயிறு ஒருத்திக்கு. அன்றைக்கு அவள் பிள்ளையை மற்றவர்கள் மண்டபத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள், அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். முதலில் எடுப்பவளுக்கு அரை நாள், அடுத்தவர்களுக்கு முழு நாள். கடைசிவரை பொறுத்திருப்பவளுக்கு இரண்டு நாள், நடுவில் ஓர் இரவோடு.

கேட்டுக்கொண்டிருந்த சலேஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டத்தோ கிராமாட்டிலேயே தையற்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் பெண் அவர். அவர் மகனும் உள்ளேதான் இருந்தான்.

"யாராச்சும் பிள்ளைய விட்டுட்டு ஓடிப்போயிட்டா என்னாக்கா பண்ணுவீங்க?"

"ஓடட்டும்லா. காசா, தேடிப் போறதுக்கு? தலை நான் இருக்கேன், வளத்துடுறேன்."

ஆறு பேர் சேர்ந்தார்கள். என்ன அவசரம் இருந்தாலும் தனக்குக் கடைசி முறைதான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். தலைக்குத்தான் முதல் முறை என்பது வழக்கம். விட்டுக்கொடுக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அவருக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. கூட்டு தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் பெரிய மருத்துவமனையில் காட்டியிருந்தார். ஓர் இரவு தங்க வேண்டும், கட்டியை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓர் இரவு என்ற சொல்லைத்தான் அக்கா பிடித்துக்கொண்டார். அந்த இரவு கடைசி முறையில்தான் இருந்தது. அதற்குள் தனுஜாவும் சலேஹாவிடம் பழகிவிடுவாள். கணக்கில் தப்பே இல்லை. பொறுத்தவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை வாழ்நாளெல்லாம் கண்ணால் கண்டவர் அவர். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு பிரஷாந்திக்கு. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், வங்கியில் வேலை. அரை நாளையும் மண்டபத்து வாசலில் நின்ற தன் காரிலேயே தூங்கிக் கழித்துவிட்டார். சலேஹா தன் முறையில் தாசேக் கெலுகோரில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தார். சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டதைப் பல வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக எடுத்த ரூபினி அதன் பிறகு வரவில்லை. கணவனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டாள். அவள் தர வேண்டிய ஞாயிறுகள் அப்படியே நின்றன. தலைதான் பொறுப்பு. அந்த ஞாயிறுகளை அக்கா தானே எடுத்துக்கொண்டார். தனுஜாவோடு இன்னும் இரண்டு பிள்ளைகள். ஒருவன் ஓடுவான், ஒருத்தி எதையும் வாயில் வைப்பாள். நடுவே நோன்பு மாதம் வந்தது, பிறகு தீபாவளி. முறை தள்ளிக்கொண்டே போனது. மருத்துவமனையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்களாம். வருகிறேன் என்றே இரண்டு தடவையும் சொல்லியிருக்கிறார்.

அவர் இளைத்துப்போனதை எல்லாரும் பார்த்தோம். முறுக்கு அச்சைத் திருக வலது கையை மட்டும் வைத்து அழுத்துவார். கேட்டால், வயசாகுதுல்ல என்பார்.

கடைசி முறைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தபோது, மண்டபத்துக் கழிவறையில் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுக் குனிந்து நிமிர்ந்த அக்காவின் சட்டையில் ஈரம் தெரிந்தது. தண்ணீர் என்றுதான் சலேஹா முதலில் நினைத்தார். கிட்டே வந்தபோது புண் வாடை அடித்தது. கதவைச் சாத்திவிட்டு, சட்டையை விலக்கச் சொல்லிப் பார்த்தார்.

அன்று நடந்ததைச் சலேஹா பிறகு எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் அம்மாவிடம் சொன்னார்.

"எப்போலேருந்துக்கா?"

"கூட்டு ஆரம்பிச்சப்பவே இருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொத முறையே உங்களுக்குத்தானேக்கா."

"மொத முறை அரை நாள்."

"அந்தச் சட்டத்த நாமதானே போட்டோம். மாத்தியிருக்க மாட்டோமா?"

அக்கா குழாயைத் திருகி மூடினாராம்.

"திருப்பிக் கட்ட முடியாதவள எந்தக் கூட்டுல சேப்பாங்க, சலேஹா? எனக்கு சீக்குன்னு தெரிஞ்சா என் பிள்ளைய நீங்க பாப்பீங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம். பாவம்னு பாப்பீங்க. அப்புறம்? என் தங்கச்சியும் மொதல்ல பாவம்னுதான் பாத்தா."

மறுநாள் சலேஹா தையற்கடையைச் சாத்திவிட்டுத் தானே வாடகைக் காரில் அக்காவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தனுஜாவைப் பிரஷாந்தி விடுப்புப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த ஓர் இரவு வாரங்களாக நீண்டது. கட்டி எலும்புக்கும் நுரையீரலுக்கும் போயிருந்தது. சிகிச்சையால் இருக்கும் நாள் கொஞ்சம் நீளும் என்றார்கள். குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை.

கார்த்திகேசு அண்ணன் லாரியை விட்டுவிட்டு பட்டர்வொர்த்தில் கிடங்கு வேலைக்கு மாறினார். மருத்துவமனையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்று மட்டும் கேட்பாராம். வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை அவருக்கு.

அக்கா வீட்டுக்கு வந்தபோது தலையில் முடி இல்லை. எல்லாரும் படுக்கச் சொன்னார்கள். அவர் படுக்கவில்லை. சலேஹாவை வரச்சொல்லி, தனுஜாவை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்து எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டார். அம்மா தலையணை கொடுத்தார். எதற்கு வந்து உட்காருகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை.

"நான் இல்லாம இருக்கப் பழகணும்லா அவ. இதையும் கொஞ்சங்கொஞ்சமாத்தான் கட்டணும்."

முதல் நாள் தனுஜா அழுதது நடைபாதையைத் தாண்டிக் கேட்டது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. மூச்சு தீர்ந்து, திரும்ப எடுத்து, அதே இடத்திலிருந்து தொடங்கும் ஒரு சத்தம். இரும்புக் கதவில் நெற்றி மோதுவதும் கேட்டது. அம்மா எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிடித்த கையை விடவில்லை. தேநீர் ஆடை கட்டி ஆறிப்போனது.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்தார். சலேஹா வராத நாளில் பிரஷாந்தி வந்தார். சில நாள், பேர் தெரியாத இன்னொரு தாய் தன் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்தாள். யாருடைய முறை என்று யாரும் கேட்கவில்லை. அக்கா மட்டும் ஒவ்வொருவர் போகும்போதும், இந்தக் கடனை எப்படிக் கழிக்கிறது என்று கேட்பார். ஒருதடவை பிரஷாந்தி, "கடைசி முறை உங்கட தானே அக்கா, அதைத்தான் எடுக்கிறீங்கள்" என்று சொல்லிவிட்டு மின்தூக்கிக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போய்விட்டார்.

இன்னொரு நாள் மழை. அக்கா சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நான் மின்விசிறியைக் குறைக்கப் போனேன்.

"தம்பி, அவ சத்தம் கேக்குதா?"

இல்லை என்றேன்.

"நல்லா கேளுங்க."

வாசலுக்குப் போய் நின்று கேட்டேன். எதிர்வீட்டில் சலேஹா ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். தட்டில் கரண்டி படும் ஓசை வந்தது. தனுஜா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வந்து சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார். பிறகு முந்தானையை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார்.