அம்மாவின் வலது மணிக்கட்டு

அம்மா இறந்து ஒரு வருஷம் முடிவதற்குள் அவளுக்கு ஒரு சின்னச் சிலை செய்யச் சொன்னார் அண்ணன். அது இரண்டாயிரத்துப் பத்து. நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியன். கம்பியும், களிமண் மாதிரிப் பிசையும் எபாக்ஸி பட்டியும் வைத்து ஓரடி உயர உருவங்கள் செய்வேன். வருஷத் திதிக்குக் கடலூர் வீட்டில் வைக்க, கும்பிட்டு நிற்கும் அம்மா வேண்டும் என்றார்.

கம்பியை முறுக்கி எலும்புக்கூடு போல நிறுத்தினேன். பட்டியின் இரண்டு பாகத்தையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்தால் அரைமணி நேரம்தான் கைக்கு வளையும்; பிறகு கல். கொஞ்சம் கொஞ்சமாக ஈர விரலால் தடவி, புடவை மடிப்பு, கொண்டை, தொங்கிப்போன தோட்டு ஓட்டை வரை ஒரு மாதம் செய்தேன். கைகளை அம்மா கும்பிடுகிறபடியே வைத்தேன். அவளுடைய வலது மணிக்கட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். திருவந்திபுரத்தில் சாமி முன் நின்றாலும் இரண்டு உள்ளங்கையும் முழுசாகச் சேராது.

நான் ஆறாவது படிக்கும்போது, குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று அப்பா பிடித்து முறுக்கிய கை அது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக அம்மா எல்லோரிடமும் சொன்னாள். எங்களையும் அப்படியே சொல்லச் சொன்னாள்.

கடலூரில் அப்பா சிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சி அப்படியே இருக்கு. கை ஏன் கோணலா கெடக்கு?"

"அம்மாவுக்கு அப்படித்தானேப்பா இருந்துச்சு."

"அவளுக்குக் கை நல்லாத்தான் இருந்துச்சு. நேரா பண்ணு."

அவர் குரலில் தடுமாற்றமே இல்லை. உண்மையிலேயே மறந்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணன் என்னை வாசலுக்கு அழைத்துப்போய், வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது, வயசான மனுஷனை ஏன் நோகடிக்க வேண்டும் என்றார். அப்பா கையை முறுக்கிய அன்றைக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனவர் அண்ணன்தான்.

இறுகிய பட்டி வளையாது. சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து மணிக்கட்டை ரம்பத்தால் அறுத்தேன். குறட்டால் கம்பியை நிமிர்த்தி, புதுப் பட்டி வைத்து, இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்து வர்ணம் பூசினேன். ஒட்டுப்போட்ட இடம் தெரியவே இல்லை. வேலையில் நான் கெட்டிக்காரன்.

திதியன்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அப்பா என் தோளைத் தட்டி, "அவளே நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்தேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

இரண்டு வருஷம் கழித்து அப்பா போனார். அவருக்கும் ஒன்று செய்யச் சொன்னார் அண்ணன். முடியாது என்றேன். அம்மா இருந்தவரைக்கும் அந்த வார்த்தை அப்பாவிடம் ஒருநாளும் என் வாயில் வந்ததில்லை.