சோடாவில் ஊறிய சிப்பி

இஸ்திரிக்காரிக்கு அலுத்துப்போன விஷயங்கள் நிறைய. அதில் முதல் இடம் அவள் புருஷனுக்குத்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் தேய்த்து மடிக்கிற போர்வைகளை மெஷினில் போட்டுத் துவைப்பது அவர்தான். ஒரு தடவை துவைத்ததை நம்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடியும் உள்ளே தள்ளுவார். அங்கே அவருக்குப் பெயரே 'மறுசலவை'தான்.

மகனும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்ததுதான் வினையாகிப் போனது. இரண்டு வருஷம் அவன் துவைத்ததையெல்லாம் நாலு பேர் பார்க்க எடுத்து மறுபடி துவைத்தார் மறுசலவை. பையன் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஒரு கப்பலில் வேலை தேடிக்கொண்டான். அங்கேயும் சலவை வேலைதான். இங்கே ஒழுங்காகத் துவைக்கத் தெரியாதவன் கப்பலில் போய் என்ன கிழிக்கப் போகிறான் என்று அப்பா கேட்டார். அதோடு பேச்சு நின்றது.

முப்பது நாள். இரண்டே அறை உள்ள வீட்டில், முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, உப்பை எடுத்துத் தரச் சொல்லு என்று இவர் அவளிடம் சொல்வார். எடுத்துக்கச் சொல்லு என்று அவன் அவளிடம் சொல்வான். நடுவில் தூது போயே அவளுக்குத் தொண்டை வற்றியது. திங்கட்கிழமை விடியற்காலை பையன் கிளம்புகிறான், வர ஒரு வருஷம் ஆகும். அதற்குள் இரண்டு பேரும் ஒரே அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஒரே சட்டியில் சாப்பிட்டுவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பையனுக்குப் பாறைச்சிப்பி என்றால் உயிர். சனிக்கிழமை மத்தியானம் கடல் வற்றுகிற நேரம் பார்த்து, ஒரு பழைய திருப்புளியை எடுத்துக்கொண்டு அவள் தனியாகவே பாறைக்குப் போனாள். கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்த கறுப்புச் சிப்பியை இடுக்கில் நெம்பித் திருகித் திருகி எடுத்தாள். விரலெல்லாம் கீறல். அரைச் சாக்கு சேர்ந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாக்கை ஈரம் காயாமல் நிழலில் வைத்தாள். யாரும் கை வைக்கக் கூடாது என்று தெளிவாகவும் சொன்னாள். அதைச் சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு காலை அவளும் மகனும் சட்டி, வெங்காயம், மிளகு, உப்போடு முன்னதாகவே கடற்கரைக்கு வந்து, மூன்று கல் கூட்டித் தீ மூட்டினார்கள். சிப்பியை சைக்கிளில் கொண்டு வருகிற பொறுப்பு அவருடையது. வந்தார். பின்னால் கட்டியிருந்த வாளியை இறக்கி, மூடியைத் திறந்து பெருமையாகக் காட்டினார். ஒவ்வொரு சிப்பியும் புதுச் செருப்பு மாதிரி பளபளத்தது. எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒன்றை எடுத்துத் தட்டினாள். உயிருள்ள சிப்பி தட்டினால் வாயை மூடும். இது மூடவில்லை. பத்துத் தட்டினாள், பத்தும் மூடவில்லை. வாளியிலிருந்து சலவைக்கூடத்து வாசனை வந்தது.

"என்ன பண்ணீங்க?"

"விடிய எழுந்து வெந்நீர்ல ஊறப்போட்டேன். ஒரு கை சலவை சோடா. பச்சத்தண்ணியில அழுக்கு போகுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கடல் ஏறிவிட்டது. நேற்று அவள் நின்ற பாறை தண்ணீருக்குள் இருந்தது. இனி வேறு சிப்பிக்கு வழியில்லை. அவர் பக்கம் திரும்பினாள்.

"எது கையில கிடைச்சாலும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை அலசி சாகடிச்சிடுவீங்க. பிள்ளையும் அதனாலதான் போறான்."

மகன் கையிலிருந்த விறகைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுசலவை சைக்கிளிடம் போய், ஹேண்டிலில் தொங்கிய ஈரச் சாக்கை அவிழ்த்து வந்து அவள் முன்னால் வைத்தார். பாசியும் சேறும் அப்பிக்கிடந்த சிப்பிகள். எவ்வளவு தேய்த்தாலும் தேறாது, கடலிலேயே வீசிவிடலாம் என்று ஊறப்போடாமல் ஒதுக்கியவையாம். அவள் ஒன்றை எடுத்துத் தட்டினாள். டக்கென்று மூடிக்கொண்டது. எண்ணாமலே தெரிந்தது, மூன்று பேருக்குப் போதும்.

சேற்றைக் கடல்தண்ணீரில் அலசி, பாசியைப் பிய்த்துச் சட்டியில் போட்டு மூடினாள். தண்ணீர் ஊற்றவில்லை, சிப்பியின் தண்ணீரே போதும். மூடி குதித்தது. திறந்தபோது எல்லாம் வாய் திறந்திருந்தன. அவளும் பையனும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். அவர் எடுக்கவில்லை. உங்களுக்கு வேறு தனியாக வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்று கேட்டாள்.

அவர் தீயைப் பார்த்துச் சொன்னார். "சின்னதுல ஒரு தடவை மண்ணு கடிச்சு அன்னைக்குப் பூரா அழுதான். சாப்பிடவே இல்ல. அதான் நல்லா அலசுவோம்னு..."

பையன் சிப்பியை வாயில் போட்டான். நறநறவென்று மண் அரைபடுவது அடுப்புக்கு இந்தப் பக்கம் அவளுக்கே கேட்டது. அவள் வாயிலும் அதே மண்தான். அவன் மென்று விழுங்கினான். பிறகு, அவள் பக்கம் திரும்பாமல், நேராகவே சொன்னான்.

"மண்ணே இல்லப்பா. சாப்பிடுங்க."

அவர் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் வாயும் நறநறத்தது.

"ஆமா, இல்ல," என்றார்.

அவள் தன் வாயிலிருந்ததைத் துப்பினாள். இந்த இரண்டு புளுகர்களுக்கும் நடுவில் ஒரு மாதம் அலைந்த தன்னை நினைத்தால்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. மிச்சத்தை மூடியில் கொட்டி இருவருக்கும் நடுவில் தள்ளினாள். அப்பா உப்பு வேண்டுமென்று கையை நீட்டினார். மகன் எடுத்துக் கொடுத்தான்.