மீட்டரக்காவின் கை

அந்தக் கூடத்தில் அவளுக்கு மீட்டர் என்று பெயர். இளையவர்கள் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்து மீட்டரக்கா என்பார்கள். கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறவர்களுக்கான புதுத் திரைகளும் கன்ட்ரோலர்களும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் கிடங்கின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். கடைகளுக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் பிரித்து, இணைத்து, ஓட்டிப் பார்த்து, பச்சை ஸ்டிக்கரோ சிவப்பு ஸ்டிக்கரோ ஒட்டி அனுப்புவது அவர்கள் வேலை. பட்டன் அமுங்குகிறதா, கட்டை விரலால் தள்ளும் குச்சி விட்டதும் நடுவுக்குத் திரும்புகிறதா என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே காட்டிவிடும். கன்ட்ரோலர் கைக்குள் அதிர்கிறதே, அந்த அதிர்வு போதுமா என்று சொல்ல மட்டும் அங்கே மெஷின் கிடையாது. அதற்குக் கைதான் வேண்டும். இருந்த கைகளில் அவள் கைக்குத்தான் மதிப்பு.

சோதிக்கும் முறை எளிது. திரையில் ஒரு கார். அதை நேராக ஓட்டிக்கொண்டு போய் ஒரு மதில் சுவரில் மோத வேண்டும். மோதும்போது கன்ட்ரோலர் இடப்பக்கம் கனமாகவும் வலப்பக்கம் நறுக்கென்றும் அதிரும். அந்தச் சுவரில் அவள் எத்தனை முறை மோதியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை.

எதுவும் தோன்றாமல் இருப்பது அவளுக்குப் பழகிவிட்டது. மாமியார் குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்ததிலிருந்து, காலையில் அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு வேலைக்கு வருவாள். சாயங்காலம் போய் மறுபடியும் அதே வேலை. பகலில் மேல்வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வாள். கோபமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. அப்பா இறந்த செய்தி வந்தபோது போனை வைத்துவிட்டு, கையிலிருந்த உலர்ந்த துணிகளை மடித்து அடுக்கி முடித்த பிறகுதான் ஊருக்குக் கிளம்பினாள்.

"உனக்கு அழுகையே வராதா?" என்று புருஷன் கேட்டான்.

"பசிக்குது" என்றாள். உண்மையாகவே பசித்தது.

கொஞ்ச காலமாக அவள் கன்ட்ரோலர்களைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கம்பெனியும் மோட்டாரை மெலிதாக்கிவிட்டது, காசு வாங்கும்போது மட்டும் கை நடுங்குவதில்லை என்று. கூடத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் ஒரு புது மாடல் வந்து இறங்கியது. முதல் பெட்டியைப் பிரித்து, பிடித்து, சுவரில் மோதினாள். எங்கோ தூரத்தில் லாரி போகிற மாதிரி இருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதிலும் அதே லாரி.

"இந்தா, நீ பிடிச்சுப் பாரு" என்று பக்கத்து பெஞ்சில் இருந்த சின்னவளிடம் நீட்டினாள். கூடத்தில் கடைசியாகச் சேர்ந்த பெண் என்பதால் அவள் சின்னவள்.

சின்னவள் பிடித்து, மோதி, அவள் முகத்தைப் பார்த்தாள். "எப்படிக்கா இருக்கணும்?"

"சோதாவா இருக்கா இல்லையா?"

"ஆமாக்கா. சோதாதான்."

அந்தப் பக்கம் போன இன்னும் இரண்டு பேரும் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் ஆமாம், சோதாதான் என்றார்கள். அந்த மாடல் முழுவதற்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஏறியது. சூப்பர்வைசர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். அவரே ஒன்றைப் பிடித்துப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. "மீட்டரக்கா சொன்னா அப்பீலே இல்ல. நாளைக்குக் கம்பெனி ஆள் வரான். அவன் முன்னாடி இதையே சொல்லுங்க, போதும். மொத்தத்தையும் லாரியில ஏத்தி விட்டுடறேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் மாமியாருக்கு உடம்பு துடைக்க ஹீட்டரிலிருந்து வாளியில் வெந்நீர் பிடித்து, தண்ணீர் கலந்து, விரல் நுனியை நனைத்துப் பார்த்தாள். இதமாக இருந்தது. துண்டைப் பிழிந்து மாமியாரின் தொடையில் வைத்தாள்.

கிழவி போட்ட கூச்சலில் மேல்வீட்டு அம்மா இறங்கி ஓடிவந்துவிட்டாள்.

"ஏண்டி, வேக வச்சுத் தின்னப் போறியா என்னை? சாகணும்னா சொல்லிடு, நானே செத்துத் தொலையறேன். இப்படித் தோலை உரிக்காதே!"

தொடையில் உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது. அவள் பதறவில்லை. குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். மேல்வீட்டு அம்மா பற்பசை தடவச் சொன்னாள். எதையும் தடவக் கூடாது என்று இவள் மறுத்தாள். கொப்புளம் கிளம்பவில்லை. பிறகு அதே வாளியில் முழங்கையை விட்டுப் பார்த்தாள். சுரீர் என்றது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி விரலை விட்டாள். இதமாக இருந்தது.

பின்கட்டில் வாஷிங் மெஷின் துணி பிழிந்துகொண்டிருந்தது. அது ஓடினால் மேலே இருக்கிற சோப்பு டப்பா தானாக நடந்து போய்க் கீழே விழும், அவ்வளவு ஆட்டம். அதன் மேல் கையை வைத்தாள். சுண்டு விரல் ஆடியது. கட்டை விரலிலும் பக்கத்து விரல்களிலும் தூரத்து லாரி. இடது கையை வைத்தாள்; அதே கதைதான், லாரி மட்டும் கொஞ்சம் கிட்டத்தில். குனிந்து கன்னத்தை வைத்தாள். பல்லெல்லாம் கடகடவென்று ஆடியது.

கன்னத்தை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். தூக்கத்தில் கை செத்துப்போய், உதறிவிட்டுப் புரண்டு படுத்ததெல்லாம் ஞாபகம் வந்தது. ஸ்பூன் நழுவியது, ரவிக்கை ஊக்கு மாட்ட முடியாமல் போனது. அலுப்பு என்று நினைத்திருந்தாள். கன்ட்ரோலரில் ஒரு குறையும் இல்லை. குறை கையில்.

அப்படியானால் பெஞ்ச் போய்விடும். அந்தக் கூடத்தில் அவளை வைத்திருப்பதே அந்தக் கைக்காகத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு லாரி வரும், பெட்டிகள் போகும், அவள் பெஞ்ச் இருக்கும். இதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்தாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மெஷின் நின்றதும் துணியை எடுத்து உலர்த்தப் போனாள்.

மறுநாள் கம்பெனி ஆள் வந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. வந்த வேகத்தில் ஒரு கன்ட்ரோலரை எடுத்து, காரைச் சுவரில் மோதினான்.

"சார், என் கையே மரத்துப்போற அளவுக்கு அதிருது. இதைப் போய் எப்படி சார் சோதான்னு சொல்றீங்க?"

"உங்க கம்பெனிப் பொருள், உங்க கை. அது அப்படித்தான் சொல்லும்" என்றார் சூப்பர்வைசர். "எங்க கை வேற. மீட்டரக்கா, சொல்லுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இருட்டறைக்காரரும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். திரைகளைச் சோதிக்கும் அறையில் விளக்கு கிடையாது. அதற்குள்ளேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பதால் அவருக்கு ஆந்தை என்று பெயர்.

"பொருள் நல்லாத்தான் இருக்கு" என்றாள் மீட்டர். "கோளாறு என் கையில."

"என்னது?"

"விரல் மரத்துப்போச்சு. நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சது. ஸ்டிக்கரைப் பிரிச்சிடுங்க."

சூப்பர்வைசர் ஒரு கன்ட்ரோலரைப் பிடுங்கி, அவரே சுவரில் மோதினார். அவர் தோள் வரைக்கும் குலுங்கியது. மெதுவாகத் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "நீங்கல்லாம் பிடிச்சுப் பார்த்தீங்கதானே? உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

சின்னவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நல்லாத்தான் சார் அதிர்ந்துச்சு. அக்கா சோதான்னாங்க. என் கைதான் சரியில்லையோன்னு..."

"நீங்க?"

"எனக்கும் அப்படித்தான் சார்."

ஆந்தை வாய்விட்டுச் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க பார்த்தவங்களும் சேர்ந்து, ஆமா கோணல்னு சுவத்தை இடிக்கக் கிளம்பிட்டீங்களேய்யா!"

கம்பெனி ஆள் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றான். இந்தப் பெட்டிகள் திரும்பி வந்தால் தானும் அவற்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் போனதும் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். கோபத்தில் இருந்தார், அதைவிட அதிகமாகக் கூச்சத்தில் இருந்தார்.

"நாளையிலேருந்து அந்த பெஞ்ச் சின்னவளுக்கு. இனிமே உங்க கையை நம்பி நான் எதையும் அனுப்ப முடியாது, மீட்டரக்கா."

"முடியாதுதான். இருட்டறையில ஆள் குறைவுன்னு சொன்னீங்க. கண்ணு நல்லா இருக்கு."

"கை நல்லா இருக்குன்னும்தான் சொன்னீங்க."

"அது சரி. சோதிச்சுப் பாருங்க."

ஆந்தை சோதித்தார். இருட்டில் ஒரு பெரிய திரையை வெறும் சிவப்பாக்கி, அப்புறம் பச்சை, நீலம், வெள்ளை, சாம்பல், கடைசியில் கறுப்பாக்கிக் காட்டினார். எரியாமல் செத்துக் கிடக்கும் புள்ளி கடுகில் பாதிகூட இராது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும்; மூலையில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அவள் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். கசிவைக் காட்டினாள். ஒரு புள்ளியைக் காட்டினாள். இன்னொரு புள்ளியைக் கோட்டைவிட்டாள்.

"முகத்தைத் திரைகிட்ட கொண்டுபோகாதே. தள்ளி உட்கார்ந்து, சும்மா இரு. அதுவா வந்து கண்ணுல படும்" என்றார் ஆந்தை. வெளியே போய்ச் சூப்பர்வைசரிடம், "தேறும்யா. நான் சேர்ந்தப்போ திரையில ஈ உட்கார்ந்ததையே செத்த புள்ளின்னு எழுதிக் கொடுத்தவன்" என்றார். கை சரியாகும் வரை பார்க்கலாம், அப்புறம் யோசிக்கலாம் என்று முடிவாயிற்று.

டாக்டர் அவள் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். கட்டை விரலின் அடிச்சதை வற்றிக் குழி விழுந்திருந்ததைக் காட்டினார். மணிக்கட்டில் நரம்பு போகும் வழி குறுகி, நசுங்கிக்கொண்டிருக்கிறது. கிழித்து வழிவிட வேண்டும். முதலில் வலது கை, அது ஆறியதும் இடது.

"பழையபடி உணர்ச்சி வருமா?"

"தூக்கத்துல வர்ற தொந்தரவு போயிடும். உணர்ச்சி... கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் நீங்க. பாதி வரலாம். இத்தனை நாள் கவனிக்கவே இல்லையா?"

"இல்ல" என்றாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏதாவது வருகிறதா என்று உள்ளுக்குள் பார்த்தாள். பஸ்தான் வந்தது.

வீட்டில் சொன்னபோது மாமியார் முதலில் கேட்டது இதுதான்: "அப்போ என்னை யாரு தூக்குவா?"

"உங்க பிள்ளை தூக்குவார், அத்தை."

"இவனா? சொந்தத் தட்டைத் தூக்கிட்டுப்போய்க் கழுவ மாட்டான், என்னைத் தூக்குவானாம்."

புருஷன் நாள் முழுக்க வேன் ஓட்டி மூட்டை இறக்குகிறவன். இருந்தும் அம்மாவின் கட்டிலருகே வந்ததும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். ஆபரேஷனுக்கு முன்பே பழக்கிவிட வேண்டும் என்று அவள் அன்றைக்கே ஆரம்பித்தாள்.

"முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடிங்க. அவங்க முட்டியையும் மடக்கி வைங்க. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புக்குப் பின்னால. இழுக்காதீங்க, உருட்டுங்க. தண்ணியை விரலால பார்க்காதீங்க, முழங்கையால பாருங்க."

"இத்தனை நாள் இதை நீ தனியாவா பண்ணின?" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு.

"வேற யாரு பண்ணினதுன்னு நினைச்சீங்க?"

"டேய், மெதுவா! நான் மூட்டை இல்லடா!" என்று கிழவி கத்தினாள். "கையில உணர்ச்சி இல்லாட்டிக்கூட அவளே தேவலாம்டா, பாவி!"

மாமியார் வாயிலிருந்து அவளைப் பற்றி நல்ல வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கேட்டுக்கொண்டே போர்வையின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள். சுருக்கம் இருந்தால் முதுகில் புண் வரும்.

வலது கை ஆறியது. தூக்கம் ஒழுங்காக வந்தது. கட்டை விரலில் கொஞ்சம் உறைத்தது, நடுவிரலில் ஒன்றுமே இல்லை. ஊக்கு மாட்ட முடிந்தது. சூப்பர்வைசர் ஒருநாள் பேச்சுவாக்கில், "கை எப்படி?" என்றார். அவள் ஒரு கன்ட்ரோலரைப் பிடித்துச் சுவரில் மோதிப் பார்த்துவிட்டு, "பாதி" என்றாள். "பாதிக் கையை வச்சு முழு ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. நான் உள்ளேயே இருக்கேன்." அவர் தலையை ஆட்டினார். பேச்சு அத்தோடு முடிந்தது. இருட்டறையில் ஆந்தைக்கு எதிர்ப்பக்கம் அவளுக்கென்று ஒரு நாற்காலி நிரந்தரமாயிற்று. மீட்டர் என்ற பெயரை யாரும் மாற்றவில்லை.

இருட்டறை அவளுக்கு ஒத்துப்போயிற்று. தள்ளி உட்கார்ந்து சும்மா இருப்பதற்கு அவளுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. சாம்பல் திரை, வெள்ளைத் திரை, கறுப்புத் திரை. புள்ளி இருந்தால் வந்து கண்ணில் படும்.

ஒரு மத்தியானம் சின்னவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் புது மாடல் கன்ட்ரோலர், முகத்தில் கவலை.

"கதவைச் சாத்து, வெளிச்சம் வருது" என்றார் ஆந்தை.

"அக்கா, ஒரு நிமிஷம். இது சோதாவா இருக்கற மாதிரி இருக்கு. நீங்க கொஞ்சம் பிடிச்சுப் பாருங்களேன்."

"எனக்குப் பாதிதான் தெரியும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. இருந்தாலும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"உன் கை என்ன சொல்லுது?"

"சோதான்னு சொல்லுது."

"நேத்து வந்ததெல்லாம்?"

"அதெல்லாம் நல்லா அதிர்ந்துச்சு."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தே?"

சின்னவள் நீட்டிய கன்ட்ரோலரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. மீட்டர் எழுந்து சாத்திவிட்டு வந்து, திரையை நீலத்துக்கு மாற்றினாள்.