எடுக்காத சிறுநீர்ப்பை

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை செய்த கருப்பாத்தாளுக்கு, ஐம்பதை நெருங்கும் வயதில் சிறுநீரில் ரத்தம் கண்டது. மாதவிலக்கு நிற்கிற காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அவளே காரணம் சொல்லிக்கொண்டாள். வெளியில் சொல்ல வெட்கம். சாயப்பட்டறையில் வேலை செய்த கணவர் நாச்சிமுத்துவுக்கே, அவள் வலியில் சுருண்டு விழுந்த அன்றுதான் தெரிந்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். நாச்சிமுத்துவை மட்டும் கூப்பிட்டு டாக்டர் பேசினார். வெளியே வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“மூத்திரப் பையையே எடுக்கோணுமாம் புள்ள. அப்புறம் வயித்துமேல ஒரு பை ஒட்டி உடுவாங்களாம். செரின்னு சொல்லிட்டேன்.”

“எனக்கு வந்த நோவுக்கு நீங்க செரின்னு சொன்னா ஆச்சுங்களா?”

எதிர்த்துப் பேசிப் பழகாதவள். எழுந்து நேரே டாக்டர் அறைக்குள் போனாள்.

“ஏனுங்க சார், எடுக்காம வைத்தியம் பண்ண வழியே இல்லீங்களா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கட்டி ஒரே இடத்தில்தான் இருந்தது, பரவவில்லை.

“ஒரு வழி இருக்கும்மா. கட்டியைச் சுரண்டிட்டு, தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ட்யூப் விட்டு, மருந்தை நேரா அந்தப் பைக்கே அனுப்பலாம். கூடவே ரேடியேஷன். ஆனா எல்லாருக்கும் கேட்காது. திரும்ப வந்தா எடுத்துத்தான் ஆகணும்.”

“வந்தா அப்பப் பாத்துக்கலாமுங்க.”

தொடையை மரக்கவைத்து ட்யூப் விட்டபோது அவள் விழித்தேதான் இருந்தாள். உள்ளே நடப்பதைக் காட்டும் எக்ஸ்ரே திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். அடிவயிற்றில் வெந்நீர் ஊற்றியது போல ஒரு சூடு. திரையில் ரத்தக்குழாய்கள் வேர் பிரிவது போலக் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. இத்தனை நாள் மறைத்து வைத்த இடத்தை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

அடுத்த சில மாதங்கள் வாந்தியும் எரிச்சலுமாகப் போயின. நாச்சிமுத்து கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். முதல் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே குடித்தாள்; அதையும் வாந்தியெடுத்தாள்.

மறுபடி குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், “இப்போ கட்டி இல்லைம்மா. ஆனா சொன்ன தேதிக்கெல்லாம் வந்து காட்டணும்” என்றார். வராந்தாவில் நாச்சிமுத்து தேம்பினார்.

“நல்ல சேதிக்கு அழுவாங்களா? வாங்க, காப்பி குடிக்கலாம்.”

2009-ல் அவள் மறுபடி செக்கிங் டேபிளில் நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் தன் கதையை ஒளிக்காமல் சொன்னாள். அன்று சாயங்காலம் பக்கத்து டேபிள் மூக்கம்மாள் காதோடு சொன்னாள், “அக்கா, எனக்கும் ரத்தமா போகுதுங்க.”

மறுநாளே இருவரும் கோயம்புத்தூர் பஸ் ஏறினார்கள். மூக்கம்மாளுக்கு வெறும் சிறுநீரகக் கல்தான். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.