ஏழு மாதக் குழந்தைக்கு எலும்புச் சாறு

என் மகளுக்கு ஏழு மாதம் முடிந்த வாரம், கச்சிராயபாளையம் கறிக்கடையில் போய் நின்று ஆட்டு நெஞ்செலும்பும் கொஞ்சம் இளங்கறியும் கேட்டேன்.

"இன்னா தம்பி, வூட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?" என்றார் கடைக்கார பாய்.

"இல்ல பாய். எம் பொண்ணுக்கு சாறு வைக்கணும்."

"பொண்ணுக்கு இன்னா வயசு?"

"ஏழு மாசம்."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர், "புள்ளையோட அம்மா எங்க போச்சி?" என்று கேட்டார்.

"வேலைக்கு" என்றேன். அதற்குமேல் அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் மனைவி மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலையில் வெள்ளிமலை பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். குழந்தை பிறந்த விடுப்பு முடிந்ததும், யார் வீட்டில் இருப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். என் கரும்பு இரண்டு நாள் காத்திருக்கும். அவள் வகுப்பு காத்திருக்காது. அதனால் நான் இருந்தேன். கழனிக்குப் போகிற நேரத்தில் என் அக்கா பார்த்துக்கொள்வாள். அவள் தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒரு குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள்.

மகள் எடை ஏறவில்லை. வெளிறிப்போய் இருந்தாள். கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பிறகு, "என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"டின்னுல வர்ற மாவுங்க."

"வீட்ல கறி சாப்பிடுவீங்களா?"

"சாப்புடுவோம்ங்க."

"அப்ப குழந்தைக்கும் குடுங்க. எலும்ப நல்லா வேக வச்சு, அந்தச் சாறுலயே கறிய மசிச்சுக் குடுக்கணும். சாறு மட்டும் பத்தாது. உப்பு வேணாம்."

வீட்டில் வந்து சொன்னதும் அக்கா முகம் மாறிவிட்டது. "பல்லு மொளைக்காத புள்ளைக்குக் கறியா? மாந்தம் வந்துடும்டா."

"டாக்டரம்மா சொன்னாங்கக்கா."

"அவங்களா வந்து ராவும் பகலும் தூக்கி வச்சிக்கினு இருக்கப் போறாங்க? நீ அந்த அடுப்புல எலும்பு வச்சியின்னா நான் அடுப்பங்கரைக்குள்ள வரமாட்டேன்."

நான் வைத்தேன். பாய் சில்லு தெறிக்காமல் வெட்டிக் கொடுத்த எலும்பையும் கறியையும் நாலு தண்ணீர் விட்டு அலசி, இரண்டு சின்ன வெங்காயம், கொஞ்சம் சீரகம், மஞ்சள் போட்டு, குக்கரை நம்பாமல் பாத்திரத்திலேயே நிதானமாக வேக விட்டேன். நுரை பொங்கப் பொங்க எடுத்துக் கொட்டினேன். ஆறியதும் மேலே ஆடை கட்டிய கொழுப்பை வழித்துவிட்டு, ஒரு சில்லுகூடத் தங்கக்கூடாது என்று வெள்ளைத் துணியில் மூன்று தடவை வடிகட்டினேன். கறியை அம்மியில் வெண்ணெய்போல அரைத்து அதில் கரைத்தேன். முதல் கரண்டியை என் சட்டைமேலேயே துப்பினாள். இரண்டாவதை வாயிலேயே வைத்து யோசித்தாள். மூன்றாவதற்கு அவளே வாயைத் திறந்தாள்.

அக்கா சொன்னபடியே அடுப்பங்கரைக்குள் வரவில்லை. தெருவில், பொண்டாட்டி வேலைக்குப் போகிறாள், புருஷன் எலும்பு வேக வைக்கிறான் என்று பேசினார்கள். ஆமாம், வேக வைக்கிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கறி வாடை வெளியே போகக்கூடாது என்று கதவைச் சாத்தவுமில்லை.

இரண்டாவது வாரம் மகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. காலையில் நாலு தடவை போய்விட்டது. துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா ஓடி வந்து குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நான் சொன்னேனே, கேட்டியாடா? எம் புள்ளையும் இப்புடித்தான் போச்சி. நான் கறிச்சாறு குடுத்துதான் கொன்னுட்டேன்னு எம் மாமியா வூடே சொல்லுச்சி. அதுக்குத்தான் என்னைத் தொரத்துனாங்க."

எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தக் குழந்தை இறந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார்கள். இத்தனை வருஷமாக ஒரு பழியை விழுங்கிக்கொண்டு இவள் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டிருக்கிறாள்.

"கெளம்பு, டாக்டர்கிட்டயே கேட்டுடலாம்" என்றேன்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். ஊரெல்லாம் இதே வயிற்றுப்போக்குதான், உப்பு சர்க்கரைப் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள் என்றார்.

"கறிச்சாறுனால இல்லீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லம்மா."

அக்கா எழுந்திருக்கவில்லை. தன் குழந்தைக்கு எத்தனை நாள் காய்ச்சல், கடைசியில் எப்படி மூச்சு வாங்கியது என்று எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே ஆட்கள் காத்திருந்தும் டாக்டரம்மா முழுக்கக் கேட்டார்.

"அன்னைக்கு நான் பாக்கலம்மா, அதனால என்ன காய்ச்சல்னு சொல்ல முடியாது. ஆனா நல்லா வெந்த சாறு ஒரு குழந்தைய அப்படி ஆக்காது. நீங்க ஒண்ணும் பண்ணல."

பஸ்ஸில் கச்சிராயபாளையம் வரைக்கும் அக்கா குழந்தையை மடியிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மகளுக்குச் சரியானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கழனியிலிருந்து வந்தபோது அக்கா அடுப்பு முன்னால் நின்று, "நுரைய சரியா எடுக்கறதில்ல நீ" என்று சொன்னாள். அன்றிலிருந்து அந்த வேலையை அவள் என்னிடம் விடவில்லை. மாதம் போகப்போக மகளின் கன்னத்தில் நிறம் ஏறியது.

மகளுக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது தியாகதுருகத்தில் ஒரு கல்யாணம். மகள் அக்கா இடுப்பில் இருந்தாள். அக்காவின் பழைய நாத்தனார் வந்து, எல்லார் எதிரிலும், "இந்தப் புள்ளைக்கும் கறிச்சாறு குடுக்கறியாமே, உனக்கு இன்னும் புத்தி வரலியா?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அவள் குரல் உயரவே இல்லை.

"ஆமா, எம் மருமவளுக்கு நான்தான் குடுக்கறேன். எம் புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போலாம்னு மூணு நாளு உங்க வூட்ல எல்லார் கால்லயும் வுழுந்தேன். ஒருத்தரும் அனுப்பல. எதனால செத்துதுன்னு இனிமே யாராவது கேட்டா இதைத்தான் சொல்லுவேன். நீங்களும் இதையே சொல்லுங்க."

நாத்தனார் கூட்டத்துக்குள் நகர்ந்தாள். அவள் வீட்டு ஆட்கள் எவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்விடலாமா என்று நான் கேட்டேன்.

"எதுக்குப் போகணும்? பந்தியில உக்காரு" என்றாள். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.