டிக்கெட் சொன்ன பெட்டி

சாத்தூர் காராச்சேவுக் கடையில் ருசி பார்க்கச் சொல்லி மேலாக ஒரு துண்டை நீட்டினால் முத்துச்செல்வி வாங்க மாட்டாள். "இது நீங்க காட்டணும்னு மேல வச்சது. டின்னுக்கு அடியில இருக்குறத எடுங்க" என்பாள். கடைக்காரர் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுவார். இந்தம்மா சேவு வாங்க வருதா, ரெய்டுக்கு வருதா என்று அவர் முணுமுணுப்பது அவள் காதில் விழும். விழட்டும் என்று மென்றுகொண்டிருப்பாள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுக்குச் சோதனை வேலை. லோடு ஏறுமுன் சில பெட்டிகளைப் பிரித்து, கொளுத்திப் பார்த்து, போகலாம் என்றோ கூடாது என்றோ சொல்ல வேண்டும். ஜவுளிக்காரருக்குச் சந்தேகம் வந்தால் சேலை அத்தனையையும் விரித்துப் பார்த்து மடித்து வைத்துவிடலாம். பட்டாசில் அது நடக்காது. எல்லாவற்றையும் கொளுத்திப் பார்த்துவிட்டால் விற்கக் கரிதான் மிஞ்சும். ஆகவே கொஞ்சத்தைக் கொளுத்தி மிச்சத்தின் குணத்தைச் சொல்ல வேண்டும். எந்தக் கொஞ்சம் என்பதில்தான் முத்துச்செல்வியின் கெத்து அத்தனையும் இருக்கிறது.

ஆரம்பத்தில் கை போன பெட்டியைத்தான் எடுத்தாள். அந்தக் கை எப்போதும் இடதுபக்கத் தூணோரமே போகிறது என்பதை அவளுக்கு முன்பே பேக்கிங் பெண்கள் கண்டுகொண்டார்கள். தேர்ந்த கைகள் அடைத்த பெட்டிகளாகப் பார்த்துப் பிரியமாய் அங்கே அடுக்கி வைத்தார்கள். சோதனையில் எல்லாம் பூவாய்ச் சொரிந்தது; வெளியூர்க் கடையிலிருந்து மட்டும் புகார் வந்தது. "என் கைக்கு எல்லாரையும் தெரியுது. தெரிஞ்ச கைய நம்பக் கூடாது" என்று முடிவு கட்டினாள்.

அன்று முதல் பஸ் டிக்கெட். கம்பெனி வேன் தெருமுனைக்கே வரும். அவள் ஏற மாட்டாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லாத டிக்கெட்டைக் கண்டக்டரிடம் கேட்டு வாங்கி, பார்க்காமல் மடித்து மணிபர்ஸில் வைப்பாள். குடோனுக்குள் எல்லார் முன்னிலும்தான் பிரிப்பாள். கடைசி இரண்டு எண் எதுவோ, கதவிலிருந்து அத்தனையாவது பெட்டியில் தொடங்கி, நூறு பெட்டிக்கு ஒன்றாக இழுப்பாள். அடுக்கின் நடுவயிற்றில் இருக்கும் பெட்டி வந்தால் லோடுமேன்கள் வாய்க்குள் திட்டுவார்கள். அதுவும் அவள் காதில் விழும்.

நல்ல சரக்கு என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. "கொளுத்துனதுல பழுது இல்ல. கொளுத்தாதத நான் பாக்கல, நம்புறேன்" என்பதுதான் அவளுடைய அதிகபட்சப் பாராட்டு. அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை பற்றிச் சொந்தக்காரர்கள் விசாரித்தால்கூட, "ரெண்டு தடவ பேசுனேன். பேசுன வரைக்கும் குறை தெரியல" என்று நிறுத்திக்கொள்வாள்.

இந்தத் தீபாவளி சீசனில் ஒரு புஸ்வாண லோடு. மருந்து அடைத்தது அவளுடைய கூடப் பிறந்த அக்கா சண்முகத்தாய் பொறுப்பில் இருக்கும் ரூம். கேட்டுக்கு வெளியே லாரி காத்து நின்றது. ஷெட்டுகளுக்கு எட்டாத பொட்டலில் முத்துச்செல்வி பத்தியை நீட்டி ஒவ்வொன்றாய்க் கொளுத்தினாள். எல்லாம் ஆளுயரம் எழுந்து சொரிந்தன. ஒன்று மட்டும் சொரியாமல் டப்பென்று வெடித்துச் சிதறியது.

"ஏட்டி, ஒண்ணுதான. அத ஒதுக்கிட்டு வேற பெட்டி எடு" என்றாள் சண்முகத்தாய்.

"வேற எடுத்தா நல்லதாத்தான் இருக்கும் யக்கா. நல்லது வர்ற வரைக்கும் எடுக்கவா நான் இருக்கேன்? இந்தக் கொஞ்சத்துலயே ஒண்ணுன்னா, அம்புட்டு அடுக்குலயும் எத்தன கெடக்கோ."

"கூடப் பிறந்தவளே லோட நிறுத்திட்டான்னு ஊரு சிரிக்கும். எங்க ரூம் மானம் போகுதுட்டி."

"வெடின்னா பத்தவச்சுட்டு ஓடிருவாக. புஸ்வாணத்துக்கு யாரு ஓடுவா? குனிஞ்சுல்லா பாப்பாக. சின்னப் பிள்ளைக மொகம் அங்கனதான் இருக்கும்."

மானேஜர் ஜெயசுந்தர் சிதறிய காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது, மழை பிடித்த ஒரு சாயங்காலம் அடைத்த சரக்கில் வாய்த்துளை அடைபட்டவை இன்னும் அகப்பட்டன. அந்தச் சரக்கு முழுவதையும் கழித்துவிட்டு சண்முகத்தாயின் ரூம் புதிதாக அடைத்தது. சண்முகத்தாய் ஒவ்வொன்றின் வாயையும் தானே பார்த்து அனுப்பினாள். அந்த வம்சத்தில் வீம்பு தங்கைக்கு மட்டும் உரியதல்ல. தங்கையிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முத்துச்செல்விக்கு அது வலித்தது. சாப்பாட்டு மணியில் தூக்குவாளியோடு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டு எழுந்துவருவாள்.

புதுச் சரக்கு குடோனுக்கு வந்தபோது வேறு பேச்சு கிளம்பியது. அக்காளைப் பகைத்தது போதும், இந்தத் தடவை செல்வி கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவாள் என்று வேனுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். சண்முகத்தாயும் அந்த வேனில்தான் இருந்தாள்.

மறுநாள் காலை முத்துச்செல்வி பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டுக்கு வந்தபோது, அங்கே சண்முகத்தாய் நின்றிருந்தாள். வேன் இன்னும் வந்திருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வேனைத் தவிர வேறெதிலும் வந்தறியாதவள் முந்தின பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். வேர்வையில் நனைந்த கையை விரித்தாள். நாலாக மடித்த டிக்கெட் ஒன்று இருந்தது.

"நானும் பாக்கல. இதுல உள்ள நம்பர்லயே எங்க பெட்டிய எடு" என்று அதைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.